கரவனில் போய்ச் சொன்ன கலியாணம்

தம்பி,

நான் நலம், நீ நலமா என்று தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. எரிச்சலோடு இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் இந்த எரிச்சல் என்னை விட்டுப் போகவில்லை. போனில் சொல்லலாம் என்றால் "அம்மா, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. நேரில் சொல்லலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை நீ வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் லாப்டொப்பை வைத்துக்கொண்டு மண்டபம், மேளம், சாப்பாட்டுக்காரர் என்று நாலு விஷயம் கதைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காவது பயன்படட்டும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் நிலானியைக் கேள். ஜேர்மனியில் பிறந்து வெம்பிளியில் வளர்ந்த பிள்ளை, ஆனாலும் நீ கட்டப்போகிறவளுக்கு உன்னைவிட நன்றாகத் தமிழ் வரும். வேறு யார் இதை வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இங்கே தோர்ண்டன் ஹீத்தில் கலியாணம் வைத்திருக்கிற எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே இதே கூத்துத்தான் நடக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உன் கலியாணத்துக்கு என் அண்ணை, உன் மாமா, அட்லாண்டாவிலிருந்து வர வேண்டும். வந்து உனக்குத் தலைப்பா கட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டுகிறவர் தாய்மாமன்தான். மண்டபமும் மேளமும் மணவறைப் பூவும் உங்கள் விருப்பப்படி எப்படியும் இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். என் கலியாணம் இந்த லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அப்பாவின் பக்கத்தில் ஒரு வான் வண்டி நிறையச் சனம் வந்து இறங்கியது. என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அம்மாவும் ஐயாவும் ஊரில், சண்டையில் பாதை பூட்டிய நேரம். அண்ணை ஜேர்மனியில் ஓர் அகதி முகாமில், கையில் பாஸ்போட் இல்லாமல் இருந்தார். என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணவறையில் இருத்தியவர், நான் அறை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்காரப் பெண். நல்ல மனுசி, ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு மாதப் பழக்கம்கூட இல்லை. படத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கச் சனம், மற்றப் பக்கம் நானும் அந்த மனுசியும். அந்தக் கலியாண அல்பத்தை ஏன் ஒருநாளும் வெளியே எடுப்பதில்லை என்று சின்ன வயதில் கேட்டாய். நான் தூசி என்று சொன்னேன். தூசியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பிள்ளையின் கலியாணப் படத்திலும் என் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது.

அண்ணை நல்லவர், ஆனால் ரோசக்காரர். நேரில் வந்து சொல்லாத வீட்டுக் கலியாணத்துக்கு அவர் கால் வைக்க மாட்டார். டொரன்டோவில் அவருடைய மனைவியின், அதாவது என் மச்சாளின், சொந்தத் தமையன் மகளுக்குக் கலியாணம் நடந்தது. அவர்கள் கார்டைத் தபாலில் போட்டுவிட்டுப் போனில் சொன்னார்கள். மச்சாள் தனியாகப் போய்வந்தார். அண்ணை அன்றைக்கு வீட்டில் நின்று புல்லு வெட்டினார். இது விசர்த்தனம் என்று நீ சொன்னாய். இருக்கலாம். ஆனால் நேரில் போய்ச் சொல்வது என்றால் கார்டைக் கொடுப்பது இல்லை, தம்பி. கார்டில் இருப்பதை வாசிக்க அவருக்குத் தெரியும். படியேறிப் போய், இருந்து, அவர்கள் தருகிற தேத்தண்ணியைக் குடித்து, நீங்கள் இல்லாமல் இது நடக்காது என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் சொல்வது. அமெரிக்கா போவதற்கு முதல், அவருடைய கலியாணமும் ஜேர்மனியில் நாலு பேரோடு நடந்ததுதான். ஆரும் அவரிடம் வந்து எதையும் சொல்லாத காலம் அவருக்கும் இருந்தது. அதனால்தான் இந்தப் பிடிவாதம் என்று நான் நினைக்கிறேன்.

இதை நான் உனக்கு எங்கள் குசினியில் வைத்துச் சொன்னேன். "அட்லாண்டா என்ன வெம்பிளியா அம்மா, ட்ரெயின்ல போய்ச் சொல்லிப்போட்டு வர?" என்று சிரித்தாய். பிறகு நாலைந்து நாள் கழித்து ஒரு திட்டத்தோடு வந்தாய். டலஸில் இறங்குவோம், ஒரு பிக்கப்பும் கரவனும் வாடகைக்கு எடுப்போம், தெற்குப் பக்க மாநிலங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போய் அட்லாண்டாவில் மாமாவுக்குச் சொல்லிவிட்டு அங்கிருந்து பிளேன் ஏறுவோம், கலியாணத்துக்கு முதல் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போகிற கடைசி ஹொலிடே. நீ அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தன் பக்கத்து ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். டலஸில் இருவர், ஹூஸ்டனில் அவருடைய சித்தப்பா மகன், வழியில் இன்னும் இரண்டு வீடு. உனக்குச் சதுப்பு நிலமும் முதலையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அவருடைய சனத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு வீடு, அது கடைசியில். என்னைக் கேட்டபோது "உங்கட விருப்பம்" என்றேன். அப்படிச் சொன்னால் என் விருப்பம் என்னவென்று யாராவது யோசிப்பீர்கள் என்று நினைத்தேன். ஒருவரும் யோசிக்கவில்லை.

கரவன் என்றால் எனக்கு இங்கே கடற்கரைப் பக்கம் வரிசையாக நிற்கிற வெள்ளைப் பெட்டிகள்தான் தெரியும். அங்கே நீ எடுத்தது, வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற முழு வீடு. அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ், மடக்கினால் கட்டிலாகிற மேசை. பெரிய லொறி பக்கத்தால் போகும்போதெல்லாம் அந்த வீடு பின்னால் நின்று ஆடும், நான் கந்தசுவாமியாரைக் கூப்பிடுவேன், நீ "அம்மா, ரிலாக்ஸ்" என்பாய். முதல் நாளே நீயும் அப்பாவும் பாதை விஷயத்தில் கொழுவிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து முன் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் என் மூலமாகத்தான் கதைத்தீர்கள். "அம்மா, அடுத்த எக்சிட்தான் எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ." "எனக்கும் கண் தெரியுமெண்டு அவனிட்டச் சொல்லும்." நான் பின் சீட்டில் இருந்து டெக்சஸ் முழுவதையும் இப்படித்தான் கடந்தேன். வெளியே என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் வானம் என்றுதான் சொல்வேன். அவ்வளவு வானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே.

கக்கூஸ் தாங்கியைத் திறந்து விடுகிற வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. கையுறையும் போட்டு, மூக்கில் துணியும் கட்டிக்கொண்டு, "இவ்வளவு காலம் கடை வைச்சு நடத்தின மனுசன் நான், கடைசியில உம்மட மகன் எனக்குத் தந்த வேலையைப் பாரும்" என்று என்னிடம்தான் புறுபுறுத்தார். கோபம் வந்தால் நீ என்னுடைய மகன், பெருமை வந்தால் அவருடைய மகன். லூசியானாவில் நான் கரவனுக்குள் செத்தல் மிளகாய் தாளிக்க, கூரையிலிருந்த புகை அலாரம் அலறி, பக்கத்துக் கரவன்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். நீ அவரிடம் மன்னிப்புக் கேட்ட மாதிரியைப் பார்த்தால் நான் ஊரையே கொளுத்தினேன் என்று நினைக்க வேண்டும். பருப்புக்கு மிளகாய் தாளித்தேன், தம்பி. அந்தப் பருப்பில் நீதான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாய்.

போன வீடுகளில் நடந்ததையும் உனக்கு நினைப்பூட்ட வேண்டும், ஏனென்றால் உன்னுடைய எரிச்சல் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டிலும் எங்களைக் கரவனில் படுக்க விடவில்லை. "எங்கட வீட்டு வாசல்ல வண்டிலுக்குள்ள படுத்தா, சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று உன் ஹூஸ்டன் சித்தி கேட்டார். அவரைப் பற்றி நினைக்க ஒரு தமிழ்ச் சனமும் அந்தத் தெருவில் இல்லை. ஆனாலும் எங்களை உள்ளே படுக்க வைத்துவிட்டார். நீ மட்டும் வீம்புக்கு, கராஜிலிருந்து வயர் இழுத்துக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு கரவனில் படுத்தாய். விடிந்ததும், அந்தக் குடியிருப்பில் வாசலில் கரவன் நிறுத்தக் கூடாது என்று சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். நீ அரைத் தூக்கத்தில் அதை எங்கேயோ ஒரு கடைத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோனாய். புறப்பட இருந்த நாளில் சித்தி "இண்டைக்கு நிண்டு போங்கோ, இடியப்பத்துக்கு மா குழைச்சுப்போட்டன்" என்றார். அப்பா நின்றார். அவர் எந்த வீட்டில்தான் நிற்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதே கதை, அதே இடியப்பம், அதே "பொம்பிளை எந்தப் பகுதி?" உனக்கு அலுத்தது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அலுத்தது. அவர்கள் எல்லாரும் அன்பான சனம், ஒருவரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் சீலை மாற்றி, சிரித்து, சாப்பிட்டு எழும்பும்போது, அண்ணையின் வீட்டுக்கு வைத்திருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. அங்கே இரண்டு நாள் நிற்பதாக இருந்தது. பிறகு ஒரு நாள். பிறகு, பின்நேரம் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்றாகிவிட்டது.

அந்தப் பயணத்தில் எனக்கு நல்லாயிருந்த ஒரு நேரம் உண்டு. மிசிசிப்பி தாண்டியதும் தெருவோரத்தில் ஒரு கிழவர் பெரிய கிடாரத்தில் கச்சான் கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்தார். அவித்த கச்சான், கோதோடு, உப்புப் போட்டு. நான் நிறுத்தச் சொன்னேன். அந்த முழுப் பயணத்திலும் நான் நிறுத்தச் சொன்னது அந்த ஒரு தரம்தான். அண்ணைக்கு அவித்த கச்சான் என்றால் உயிர். ஒரு பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், அந்தச் சூடு சீலைக்குள்ளால் வந்தது. நீயும் அப்பாவும்கூட அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை, வாயில் கச்சான் இருந்தபடியால்.

பிறகு அலபாமாவில் பெற்றோல் அடிக்க நிறுத்தினாய். நான் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். நீ போனை பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்த பிள்ளை போலச் சிரித்தாய்.

"அம்மா, இ-இன்வைட்டை எல்லாருக்கும் அனுப்பிட்டன். ஃபமிலி குரூப்பிலையும் போட்டன், மாமாக்கும் தனியப் போட்டன். இனி டென்ஷன் இல்லை."

"மாமாக்குமோ?"

"ஓம்."

"விசரோ உனக்கு? நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கப்போறம்."

"அது ஜஸ்ட் இன்ஃபோ அம்மா. கார்டையும் குடுப்பம்தானே."

அப்பா அப்போதுதான், டலஸுக்குப் பிறகு முதல் தரமாக, உன்னோடு நேரே கதைத்தார். "மனுசன் வரமாட்டார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை மாநிலம் கடந்து, இத்தனை இடியப்பம் தின்று, அந்த ஆடுகிற வீட்டுக்குள் நான் படுத்து எழும்பியது எதற்காக? அவருக்கு நேரில் போய்ச் சொல்வதற்காக. அதை நீ பெற்றோல் அடிக்கிற நேரத்தில், ஒரு விரலால் இல்லாமல் ஆக்கினாய். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராமல் விடுமா?

மறுநாள் அண்ணையின் வீட்டில் நடந்ததை நீ கவனித்தாயோ தெரியாது. "எங்களை நல்லாத்தானே நடத்தினார், அம்மா சும்மா யோசிக்கிறா" என்று பிளேனில் அப்பாவிடம் சொன்னாய். நல்லாத்தான் நடத்தினார், அறியாத ஆட்களை நடத்துவது போல. "வாங்கோ, இருங்கோ" என்றார். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் தட்டில் கார்டும் வெற்றிலை பாக்கும் வைத்து, உன்னை என் பக்கத்தில் நிற்க வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "நேற்றே போனுக்கு வந்திட்டுது பிள்ளை. பாட்டோட வந்தது. வடிவா இருக்கு. உந்தக் கார்டை மேசையில வை," என்றார். நான் வைத்தேன். கலியாணத்துக்கு முதலே வந்துவிடுங்கோ என்று சொன்னதற்கு, "பாப்பம்" என்றார். எங்கள் சனம் பாப்பம் என்று சொன்னால் அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நீயும் அறிந்திருக்க வேண்டும். இவ்வளவு காலம் இந்த வீட்டில் வளர்ந்திருக்கிறாய். கச்சான் பையைக் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார்.

மானத்தோடு எழும்பிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவருடைய வீடு முட்டுத்தெருவின் கடைசியில். உள்ளே போன கரவனைத் திருப்ப இடமில்லை, பின்னுக்கு எடுக்க உனக்குத் தெரியாது. நீ ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கரவன் வலப்பக்கம் போனது. புல்லில் ஏறியது. திரும்ப முன்னுக்கு வந்தாய், திரும்ப ஏறியது. அப்பா ஒரு பக்கம் நின்று கத்தினார். சனம் யன்னலால் பார்த்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது. அப்போது அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "பொறு தம்பி, நான் சொல்லுறன். ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று பின்னால் நின்று கையைக் காட்டினார். அவர் சொன்னபடியே ஒடித்தாய். கரவன் நேரே போய் அவருடைய தபால்பெட்டியைச் சாய்த்தது.

"கிடக்கட்டும், அது பழசு," என்றார் அண்ணை. அவருக்கும் கரவனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நீங்கள் மூன்று பேரும் அந்தத் தெருவில் பட்ட பாட்டை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் எதிர் வீட்டுக்காரரின் காரை எடுப்பித்தார், நீ முன்னுக்கும் பின்னுக்கும் போனாய், அப்பா கல்லு வைத்தார். வேர்த்து ஊற்ற, உன் மாமா கரவனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு "வா மருமோன், வா, வா, வா" என்று கூப்பிட்டார். மருமோன் என்று அவர் உன்னை அன்றைக்கு முதல் தரம் கூப்பிட்டது அதுதான். மச்சாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்த மனுசன் இப்பிடிச் சிரிச்சுக் கன நாள்" என்றார். வெளியே எடுத்து முடிந்தபோது என் நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கிவிட்டது.

இனி நான் சொல்லப்போவதுதான் விஷயம். நாங்கள் ஏறி இருந்துவிட்டோம். அண்ணை உன் பக்கத்து யன்னலுக்கு வந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். யன்னலில் கையை வைத்தார். தெருவைப் பார்த்துக்கொண்டு, பெரிய விஷயம் ஒன்றும் இல்லாதது போல, "தலைப்பாவுக்கு ஆர்?" என்று கேட்டார்.

"ரெடிமேட் மாமா. வெம்பிளியில ஓடர் குடுத்தாச்சு. எல்லாம் சோட்டட், முடிஞ்சுது," என்றாய்.

"அப்ப சரி. நல்லது," என்றார். யன்னலில் இருந்த கையை எடுத்தார். "பாத்துப் போங்கோ."

தம்பி, அவர் உன்னிடம் கடை விபரம் கேட்கவில்லை. அந்த மனுசன் நேரில் சொல்லாத கலியாணத்துக்குப் போக மாட்டார், தான் வரட்டோ என்று வாயால் கேட்கவும் மாட்டார். படியிறங்கி வந்து, உன் யன்னலில் கை வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்டது, அவருடைய ரோசத்துக்கு எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரமும் வந்ததுதான். நீ "நீங்கள்தான் மாமா, வேற ஆர்?" என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே டிக்கற் போட்டிருப்பார். தாய்மாமன் இல்லாத மச்சாளின் தம்பிமார் ஒவ்வொருவருக்கும் அவர்தான் கட்டினார். எனக்குப் படம் படமாக வந்தது. எல்லாப் படத்திலும் அவர், வேறு யாரோ வீட்டுப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் வடிவு என்று எழுதி அனுப்பிவிட்டு, நான் குசினிக்குள் போய் நிற்பேன்.

நீங்களும் பின் சீட்டில்தானே இருந்தீர்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். திறந்திருக்கலாம். ஆனால் அது வேறு. நான் கேட்டால் தங்கச்சி கெஞ்சுகிறாள். நீ கேட்டால் அது மருமகனின் உரிமை. அதை உனக்காக நான் கேட்க ஏலாது. வழியெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கதை காவியதில் எனக்கு அது ஒன்று நன்றாக விளங்கியது.

இன்னொன்றும் சொல்கிறேன், உன் கலியாணத்துக்கு அம்மாவின் புத்திமதி என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் வேளைக்கு முடித்து வைத்துவிடுவதுதான் கெட்டித்தனம் என்று நினைக்கிறாய். உன் வேலையில் அது சரியாக இருக்கும். வீட்டில் சில விஷயங்களை முடிக்காமல் விட வேண்டும். மற்றவர் வந்து கை கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும். எல்லாம் முடித்து வைத்திருக்கிற வீட்டில் விருந்தாளிக்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை, உறவுக்காரருக்கு அதுவும் இல்லை. நிலானி "எனக்கு ஒண்டும் வேண்டாம், உங்கட விருப்பம்" என்று சொன்னால், தயவுசெய்து அதை நம்பாதே. இன்னொரு தரம் கேள். நான் அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தப் பின் சீட்டில் போய் இருந்தேன். அவளையாவது முன்னுக்கு இருத்து.

போன சனிக்கிழமை நிலானி சீலைக்கு பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன மாமி என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இ-இன்வைட், கச்சான், தபால்பெட்டி, யன்னல், எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மாமி, தலைப்பா ஓடர் என்ர பேரிலதான் கிடக்கு," என்றாள்.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. கடை இப்ப திறந்திருக்கும்."

என் முன்னாலேயே போனை எடுத்தாள். ஜேர்மன் பிள்ளைகளுக்கு வேலை சுருக்காக நடக்கும். அந்த ஓடர் இப்போது இல்லை. பிறகு நாங்கள் இரண்டு பேரும் ட்ரெயின் மாறி மாறி அப்டன் பார்க் போய், கடை கடையாக ஏறி, சரிகைக் கரை வைத்த ஒரு துணி எடுத்தோம். அவள் நிறம் பார்த்தாள், நான் நீளம் பார்த்தேன். மடித்து உன் பழைய அறையில் கட்டிலின் மேல் வைத்திருக்கிறேன்.

வீடியோ பார்த்துக் கட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. அப்பாவைக் கதிரையில் இருத்தி நானும் நிலானியும் கட்டிப் பார்த்தோம். தேத்தண்ணி குடிக்க அவர் குனிய, அது கழன்று கோப்பைக்குள் விழுந்தது. அவருக்கும் கட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தபால்பெட்டியை நீதான் சாய்த்தாய்.

இதை வாசித்து முடித்ததும் போனை எடு. மெசேஜ் போடாதே, குரல் கேட்க வேண்டும். மீட்டிங் இருந்தால் அது பிறகு நடக்கட்டும். "மாமா, எனக்குத் தலைப்பா இல்லை, வந்து கட்டிவிடுங்கோ" என்று சொல். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, உனக்கு இப்போது தலைப்பா இல்லை.

அம்மா